இடது மூலை விளக்கு

பிப்ரவரி 9

அன்புள்ள வாலுக்கு,

இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். அந்தத் தீவில் உனக்கும் காற்று, மழை, சமையல்காரர் மூன்றும் ஒத்துப்போகும் என்று நம்பி எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் ஃபைல் போய்விட்டது.

நேற்று ஷிஃப்ட் முடிந்து வந்து, டீயோடு உட்கார்ந்து கேமைத் திறந்தால், 'சேமித்த ஃபைல் சேதமடைந்துள்ளது' என்று ஒரு வரி. அதற்குக் கீழே ஓகே என்று ஒரே ஒரு பட்டன். இதில் என்ன ஓகே இருக்கிறது, சொல். பதினோரு வருடம். ஆறு வாசல் தாண்டியாயிற்று, ஏழாவது வாசலுக்கு மூன்று நாள் நடைதான் பாக்கி. உன் வீரன் மொட்டை, என் வைத்தியச்சி, மூட்டை சுமக்கிற கழுதை மேனேஜர், எல்லாரும் அந்த ஒரே ஃபைலுக்குள் இருக்கிறார்கள்.

ஒரே ஃபைல்தான், நகல் எடுக்கவே கூடாது என்று சட்டம் போட்டவள் நீ. நான் ஒரு தடவை பழைய நகலைத் திறந்து, செத்துப்போன மேனேஜரை உனக்குத் தெரியாமல் பிழைக்க வைத்தேன் என்பதற்காக. மூன்று வாரம் நான், மூன்று வாரம் நீ, பென் டிரைவ் மட்டும் படகில் போய்வர வேண்டும். இப்போது நகல் இல்லாமல் நடுத்தெருவில் நிற்கிறோம்.

பென் டிரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். வானிலை நிலையத்தில் பலூன் விடுகிற நேரம் போக மீதி நேரத்தில் கொஞ்சம் பார். கீ-போர்டின் இடது ஓரத்தில் டீயும் கொட்டிவிட்டது. அதுதான் காரணமோ என்னவோ. "உங்கப்பா கை அப்படியே வந்திருக்கு" என்கிறாள் உன் அண்ணி.

பஸ் டிப்போவிலும் ஒரு சின்ன வம்பு. என் வண்டியின் இடது பக்கம் முழ நீளத்துக்குக் கீறல். நிறுத்தின இடத்தில் எவனோ உரசிவிட்டுப் போயிருக்கிறான். மேனேஜர் (கழுதை இல்லை, டிப்போவில் இருப்பவர்) என்னைப் பிடித்துக் கத்தினார்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஃபைலையும் பார்.

உன் அண்ணன்


மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். சமையல்காரர்தான் ஒத்துப்போகவில்லை. அண்ணிக்கு என் அன்பைச் சொல்.

உன் பென் டிரைவுக்குப் பிரேதப் பரிசோதனை முடிந்தது. ஃபைலின் முதல் முக்கால் பங்கு சுத்தமாக இருக்கிறது. கடைசிக் கால் பங்கு வெறும் பூஜ்யம். இது டீயின் வேலை இல்லை, வைரஸின் வேலையும் இல்லை. கேம் சேமித்துக்கொண்டிருக்கும்போதே யாரோ பென் டிரைவைப் பிடுங்கியிருக்கிறார்கள். யாரோ என்றால் உங்கள் வீட்டில் இருப்பது இரண்டே பேர். அண்ணிக்கு இந்தக் கேம் என்றாலே ஆகாது.

சேமிக்கும்போது திரையின் இடது பக்கக் கீழ் மூலையில் ஒரு சின்ன விளக்கு மினுக்கும். அது அணையும் வரை எதையும் தொடக் கூடாது. பதினோரு வருடமாக இதுதான் வழக்கம். உனக்கு என்ன அப்படி ஒரு அவசரம்?

எட்டு நாள் உட்கார்ந்து ஒட்டுப் போட்டிருக்கிறேன். போனது போனதுதான், அது திரும்பாது. இருக்கிறதைக் காப்பாற்றியாயிற்று. வைத்தியச்சியின் மூலிகைப் பை காலி, கடைசி இரண்டு ஊர் நினைவில்லை, மேனேஜருக்குக் காது ஒன்று குறைகிறது. மற்றபடி எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள்.

இனிமேல் ஏதாவது கோளாறு என்றால் 'போச்சு, போச்சு' என்று எழுதாதே. இங்கே நாங்கள் கருவி பழுதானால் நான்கு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். நீயும் அப்படியே எழுது. எங்கே? எப்போது? எத்தனை முறை? அப்போது நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம், அழுகையும் வேண்டாம்.

டம்ளரை வலது பக்கம் வைத்துக்கொள். நம் வீட்டுத் தட்டிவிடுகிற பரம்பரை உன்னோடாவது முடியட்டும்.

உன் வால்


மார்ச் 19

அன்புள்ள வாலுக்கு,

எல்லோரும் சுகம். மொட்டையும் மேனேஜரும் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். அந்த ஒற்றைக் காதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. நீ கெட்டிக்காரிதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. நான் எதையும் பிடுங்கவில்லை. விளக்கே எரியவில்லை, அதனால் எடுத்தேன். உன் நான்கு கேள்விக்கு வருகிறேன்.

எங்கே: நீ சொன்ன அதே மூலை. எப்போது: சேமிக்கும்போது. எத்தனை முறை: இந்த மாதம் பத்துத் தடவை சேமித்தேன், ஏழு தடவை விளக்கு வரவில்லை. மூன்று தடவை அந்த மூலையையே முறைத்துப் பார்த்தேன், அப்போது மட்டும் ஒழுங்காக வந்தது. அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன்: சும்மா உட்கார்ந்திருந்தேன், வேறென்ன செய்ய?

இது மட்டும் இல்லை. காட்டுப் பாதையில் கொள்ளைக்காரர்கள் வலது பக்கத்திலிருந்து வந்தால் தூரத்திலேயே தெரிகிறார்கள். இடது பக்கத்திலிருந்து வருகிறவர்கள் திடீரென்று மொட்டையின் மேலேயே முளைக்கிறார்கள். மேனேஜர் பின்னால் வருகிறானா இல்லையா என்பதே சில நேரம் தெரிவதில்லை. திரும்பிப் பார்த்தால் நின்றுகொண்டிருக்கிறான். நீ ஒட்டுப் போட்டதில் ஏதோ ஒரு நூல் விட்டுப்போயிருக்கிறது என்று நினைக்கிறேன்.

கண்ணைக் குறை சொல்லிவிடாதே. வருடாந்தரப் பரிசோதனை போன மாதம்தான் நடந்தது. எழுத்து அட்டையில் கடைசிப் பொடி வரிவரைக்கும் படித்தேன். "டிரைவர்னா இப்படி இருக்கணும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

இந்த வாரம் வண்டியின் இடது கண்ணாடி உடைந்தது. மரக்கிளை. அந்தத் தெருவில் மரத்தை வெட்டவே மாட்டேன் என்கிறார்கள்.

உன் அண்ணி உனக்குக் கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறாள். சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்


மார்ச் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

சட்டை சரியாக இருக்கிறது. அண்ணிக்கு நன்றி சொல். சளி ஏற்கெனவே பிடித்துவிட்டது, அது என் தப்பு.

படகு மதியம் வரை நிற்கும், அதற்குள் எழுதுகிறேன். என் ஒட்டையா குறை சொல்கிறாய்? ஃபைலை என் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன். பத்துத் தடவை சேமித்தேன், பத்துத் தடவையும் விளக்கு எரிந்தது. கொள்ளைக்காரர்கள் நான்கு திசையிலிருந்தும் மரியாதையாக நடந்து வந்து உதை வாங்கினார்கள். என்னிடம் சரியாக ஓடுகிறது, உன்னிடம் ஓடவில்லை என்றால் கோளாறு உன் பக்கம்தான்.

ஒரு நேரம் வந்து ஒரு நேரம் வராத பிழை இருக்கிறதே, அதைப்போல உயிரை வாங்குவது வேறு எதுவும் இல்லை. அதிலும் பார்த்தால் இருக்கும், பார்க்காவிட்டால் இருக்காது என்றால், அது உன்னைப் பார்த்து வெட்கப்படுகிறதா என்ன? வரிசையாகச் செய். கேமை அழித்துவிட்டு மறுபடி போடு. செட்டிங் ஃபைலை நீக்கு, அது தானே புதிதாக உண்டாகும். மானிட்டரின் வயரைப் பிடுங்கிச் சுத்தமாகத் துடைத்து மாட்டு.

அப்படியும் போகாவிட்டால் இத்துடன் ஒரு கட்டத்தாள் வைத்திருக்கிறேன். மழை அளவு குறிக்கிற தாள்தான். அதைத் திரை என்று வைத்துக்கொள். மொட்டை எப்போதும் நடுவில்தான் நிற்பான், அவன் மேலேயே கண்ணை வை. அக்கம் பக்கம் பார்க்காதே. எது எந்த இடத்தில் காணாமல் போகிறதோ, அந்தக் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போடு. ஒரு வாரம் போட்டு அனுப்பு. குறிகள் ஒரே இடத்தில் குவிந்தால் திருடன் அகப்பட்டான்.

அந்த மரக்கிளை உன் மேல் விழாமல் இருந்தால் சரி.

உன் வால்


ஏப்ரல் 20

அன்புள்ள வாலுக்கு,

நலமே. நீ சொன்னதை எல்லாம் வரிசையாகச் செய்தேன். கேம் புதிது, செட்டிங் புதிது, வயரும் பளபள. பலன் இல்லை.

கட்டத்தாள் இத்துடன் இருக்கிறது. ஒரு வாரம் என்றாய், இரண்டு வாரம் போட்டேன். முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. உன் அண்ணி எட்டிப் பார்த்து, "என்ன இது, லாட்டரி நம்பரா?" என்றாள். குறிகளைச் சேர்த்துப் பார்த்தால் நீ சொன்ன மாதிரியே குவிந்திருக்கின்றன. இடது பக்கம், கீழே, ஒரு வாழையிலையை மடித்து வைத்த மாதிரி. வலது பாதியில் குறியே இல்லை.

காட்டில் மட்டும் இல்லை. ஊருக்குள் போனாலும், குகைக்குள் போனாலும், அதே இடம்தான். கேமுக்குள் எங்கே போனாலும் அந்த ஓட்டை நம் கூடவே வருகிறது. இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

வேலை வழக்கம்போல. இந்த மாதம் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டுகிறேன். கண்டக்டர் கிண்டல் செய்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்


மே 5

அன்புள்ள அண்ணனுக்கு,

சளி போய்விட்டது, நானும் சுகம், தாளைப் பார்த்ததும் இன்னும் சுகம்! இவ்வளவு அழகான பிழை அறிக்கையை எங்கள் நிலையத் தலைவர்கூட எழுதியதில்லை. வயர்லெஸ்காரரிடம் காட்டினேன். "உங்கண்ணன் இங்க வந்து சேர்ந்துடலாமே" என்றார்.

கேட்டுக்கொள். கேமுக்குள் எங்கே போனாலும் ஓட்டை கூடவே வருகிறது என்றாய் பார், அங்கேதான் நீ திருடனைப் பிடித்தாய். அப்படியானால் காட்டிலும் குகையிலும் தப்பில்லை. ஒன்று, உன் கேமில் படத்தை வரைகிற பகுதி கெட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உன் மானிட்டரில் அந்த மூலை செத்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்றுதான், மூன்றாவது கிடையாது.

வேறு மானிட்டர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி மாட்டு. ஓட்டை மறைந்தால் உன் மானிட்டரைத் தூக்கிப் போடு. மறையாவிட்டால் கேம்தான் குற்றவாளி, அதை நான் கவனித்துக்கொள்கிறேன். முடிவை உடனே எழுது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

உன் வால்


ஜூன் 8

அன்புள்ள வாலுக்கு,

எல்லோரும் சுகம்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மே கடைசிப் படகைத் தவற விட்டேன்.

டிப்போ எழுத்தர் மானிட்டரை இரவல் கொடுத்தார். மாட்டினேன். அதே இடம், அதே ஓட்டை.

நீ கேட்காத ஒன்றையும் செய்து பார்த்தேன். மானிட்டரைத் தூக்கித் தலைகீழாக வைத்தேன். விளக்கு இருக்கிற மூலை இப்போது வலது பக்கம் மேலே வந்துவிட்டது. மொட்டையின் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு சேமித்தேன். விளக்கு எரிந்தது. பளிச்சென்று தெரிந்தது. வழக்கமாக வலது பக்கம் மேலே வரைபடம் இருக்கிற மூலை இடது பக்கம் கீழே வந்தது. வரைபடத்தைக் காணோம்.

என் மானிட்டரிலும் அப்படித்தான், எழுத்தர் மானிட்டரிலும் அப்படித்தான். நான்கு முறை செய்தேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஜூன் 16

அண்ணா,

காலையில் படகு வந்தபோது நான் பலூனோடு மேட்டில் இருந்தேன். இறங்கி வந்து உன் கடிதத்தைப் பிரிப்பதற்குள் படகு போய்விட்டது. இந்தக் கடிதம் இன்னும் மூன்று வாரம் இங்கேயே கிடக்கும். கிடக்கட்டும் என்று எழுதுகிறேன், வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

விளக்கு எரிகிறது. கேம் அதைச் சரியாகத்தான் வரைகிறது. இரண்டு மானிட்டரும் அதைச் சரியாகத்தான் காட்டுகின்றன. தலைகீழாக வைத்தாலும் ஓட்டை உன் இடது பக்கத்திலேயே நிற்கிறது. மூன்றாவது கிடையாது என்று எழுதினேனே, என் கையை உடைக்க வேண்டும். எழுத்து அட்டை நேராக இருப்பதைத்தான் சோதிக்கும், ஓரத்தைச் சோதிக்காது. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? கீறல், கண்ணாடி, டீ, எல்லாவற்றையும் நீ எழுதிக்கொண்டே இருந்தாய். நான் விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவர் தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிடும்போதெல்லாம் நாம் இரண்டு பேரும் கைதட்டிச் சிரித்தோம். கடைசி வருடங்களில் "லைட்டு சரியில்ல, லைட்டு சரியில்ல" என்று வீட்டில் ஒவ்வொரு பல்பாக மாற்றிக்கொண்டிருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? பல்பில் ஒன்றுமே இல்லை, அண்ணா. நாம் மானிட்டரை மாற்றினோம், அவர் பல்பை மாற்றினார்.

நீ ஓட்டுவது நாற்பது பேர் உட்காருகிற வண்டி. மூன்று வாரம் என்னால் காத்திருக்க முடியாது. வயர்லெஸ்காரரிடம் போனேன். அது அலுவல் செய்திக்கு மட்டும்தான், வீட்டுச் செய்தி என்றால் சாவுக்கு மட்டும் அனுமதி. "யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டார். "இன்னும் இல்ல" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கருவியைத் திருப்பினார்.

உனக்கு அனுப்பவில்லை, அண்ணிக்கு அனுப்பினேன். உனக்கு அனுப்பினால் நீ மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்துவிடுவாய் என்று பயந்தேன். உன்னைக் காட்டிக்கொடுத்தது நான்தான். திட்டுவதென்றால் என்னைத் திட்டு, அண்ணியை ஒன்றும் சொல்லாதே.

பயமாக இருக்கிறது, அண்ணா.

வால்


ஜூலை 2

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதுகிற பழக்கம் கைக்கு வந்துவிட்டது. எழுதப் போய் நிறுத்திக்கொண்டேன். நீயாவது நன்றாக இருக்க வேண்டும்.

துறைமுக அலுவலகத்திலிருந்து போனில் படித்துக் காட்டினார்கள். 'அண்ணன் நாளையிலிருந்து வண்டி ஓட்டக் கூடாது. ஓரப் பார்வை தெரியவில்லை. கண் டாக்டரிடம் கூட்டிப் போகவும். கடிதம் பின்னால் வரும்.' அந்தப் பெண் மூன்று தடவை படித்தாள். ஒவ்வொரு வார்த்தையாகத் தாளில் எழுதிக்கொண்டேன்.

அவர் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் எழுதி வைத்திருந்த தாளைக் கையில் கொடுத்தேன். படித்தார். "கரெக்ட்டாதான் கண்டுபிடிச்சிருக்கா" என்றார். அவ்வளவுதான். மறுநாள் டாக்டரிடம் வரமாட்டேன் என்று சொல்வார் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

இரண்டு கண்ணிலும் ஓரப் பார்வை சுருங்கியிருக்கிறதாம், இடது பக்கம் அதிகம். கண்ணுக்குள் அழுத்தம் கூடி உள்நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்திருக்கிறது. வலியே இருக்காதாம், அதனால் யாருக்கும் தெரியாதாம். பரம்பரையாக வரும் என்றார் டாக்டர். காலையும் மாலையும் சொட்டு மருந்து விடுகிறேன். நான் மருந்துக் கடையில் நின்று ஊர்க் கண்ணுக்கெல்லாம் இதே சொட்டு மருந்தை எடுத்துக் கொடுக்கிறவள். வீட்டில் இருந்த கண்ணைப் பார்க்கவில்லை.

பொய் சொல்லக் கூடாது, பார்த்தேன். ஒரு வருடத்துக்கு முன்பே அவர் டம்ளரை இடது பக்கம் வைத்தால் கவிழும் என்று எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்கவில்லை. சத்தமில்லாமல் வலது பக்கம் வைக்கப் பழகிக்கொண்டேன். மேசைத் துணி நனையக் கூடாது என்பதுதான் அன்றைக்கு என் கவலை.

வண்டிச் சாவியை டிப்போவில் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். கம்ப்யூட்டருக்குத் துணி போட்டு மூடிவிட்டார். உனக்கு ஏதாவது எழுதுங்கள் என்றேன், துணியை இன்னொரு தடவை இழுத்துவிட்டார். அவருக்கு உன் மேல் கோபமா என்று தெரியவில்லை. எனக்கு இல்லை.

நீ உன் கண்ணைக் காட்டு, பாப்பா. இதை மறக்காதே.

அண்ணி


ஜூலை 28

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு படகு வந்து போய்விட்டது, உன் எழுத்தைக் காணோம். கோபமாக இருந்தால் கோபமாகவே இரு. நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. மறுபடி அதே கடிதம் வந்தாலும் மறுபடி அதையேதான் செய்வேன். ஆனால் தினமும் படகுத்துறையைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன், அதையும் தெரிந்துகொள்.

நானும் கட்டத்தாளில் போட்டுப் பார்த்தேன். ஒரு குறிகூட இல்லை. இருந்தாலும் டிசம்பரில் விடுமுறைக்கு வந்ததும் டாக்டரிடம் காட்டுகிறேன். நீ கூட வர வேண்டும். தனியாகப் போக எனக்குப் பயம்.

பென் டிரைவ் வைத்திருக்கிறேன். திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம். கேமில் எது எந்த இடத்தில் தெரிய வேண்டும் என்று சொல்கிற ஒரு ஃபைல் இருக்கிறது. வெறும் எண்கள்தான். ஐந்து வாரமாக அதை ஒவ்வொன்றாக மாற்றியிருக்கிறேன். படம் முழுவதும் திரையின் நடுவில் ஒரு தட்டு அளவுக்குச் சுருங்கியிருக்கும். சுற்றிலும் கறுப்பாக இருக்கும், பயப்படாதே. கொள்ளைக்காரன் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அந்தத் தட்டுக்குள்தான் வந்தாக வேண்டும். விளக்கை மூலையிலிருந்து பிடுங்கி மொட்டையின் தலைக்கு நேர் மேலே வைத்துவிட்டேன். பார்க்கக் கேலியாகத்தான் இருக்கிறது. மொட்டைக்குக் கிரீடம் வைத்த மாதிரி.

நகல் எடுக்கக் கூடாது என்ற சட்டத்தையும் நானே ரத்து செய்கிறேன். மூன்று நகல் எடுத்து வைத்திருக்கிறேன். மேனேஜர் செத்தால் பிழைக்க வைத்துக்கொள், ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

நீ எப்படி இருக்கிறாய்? சுகம் என்று எழுதாதே. அந்த நான்கு கேள்விக்குப் பதில் எழுது.

உன் வால்


ஆகஸ்ட் 30

அன்புள்ள வாலுக்கு,

நீ கேட்டபடியே எழுதுகிறேன்.

எங்கே: இரண்டு கண்ணிலும், ஓரத்தில், இடது பக்கம் அதிகம்.

எப்போது: எப்போதும்.

எத்தனை முறை: எண்ண முடியாது. நான்கைந்து வருடமாவது இருக்கும் என்கிறார் டாக்டர்.

அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன்: பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த நான்காவது பதிலை எழுதத்தான் இரண்டு மாதம் ஆயிற்று. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெட்கம். உன் அண்ணிக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஜூன் 5-ஆம் தேதி ஒரு பெண்ணை இடித்துவிட்டேன். இடது பக்கம் சைக்கிளில் வந்திருக்கிறாள். எனக்குத் தெருவே காலியாகத்தான் தெரிந்தது. சத்தம் கேட்டு நிறுத்தினேன். சைக்கிளின் பின் சக்கரம் நெளிந்து, அவளுக்கு முழங்கை சிராய்ந்திருந்தது. அவ்வளவோடு போயிற்று. "கண்ணு தெரியலையா உனக்கு?" என்று கத்தினாள். "பாக்கலம்மா, மன்னிச்சுடு" என்றேன். எல்லா டிரைவரும் சொல்கிற வார்த்தைதான், ஆனால் அன்றைக்கு அது வெறும் வார்த்தை இல்லை.

அதற்குப் பிறகுதான் மானிட்டரைத் தலைகீழாக வைத்துப் பார்த்தேன். பார்த்த அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, வால். தெரிந்த பிறகும் உன் செய்தி வரும் வரை எட்டு நாள் வண்டியை எடுத்தேன். சொன்னால் சாவி போய்விடும். இருபத்திரண்டு வருடமாக அந்தச் சாவிதான் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த எட்டு நாளும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறினவர்களை எண்ணினேன், இறங்கினவர்களையும் எண்ணினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது என் சாமர்த்தியம் இல்லை.

உன் கடிதத்தில் எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேட்டிருந்தால் சுகம் என்றுதான் எழுதியிருப்பேன். வாயால் யாரிடமும் சொல்ல வரவில்லை. உன் கட்டத்தாளில் சுகம் என்று எழுத இடமே இல்லை, அதனால் குறி போட்டேன். அப்போது எனக்கு வெறும் சந்தேகம்தான், நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று தெரிந்துதான் அனுப்பினேன். நீ கண்டுபிடித்ததும் நொந்துகொண்டேன், அதற்கு நான் என்ன செய்ய.

அந்தச் சைக்கிள் பெண்ணைத் தேடிப் போனேன். உன் அண்ணியிடம் இன்று ராத்திரி சொல்லப் போகிறேன், அதற்கு முன் அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதே தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். நடந்ததைச் சொன்னேன். தைப்பதை நிறுத்தினாள். பிறகு, "இப்ப ஓட்டலையே?" என்றாள். "இல்லம்மா" என்றேன். "அது போதும்" என்று மறுபடி தைக்கத் தொடங்கினாள்.

டிப்போவில் இப்போது நேரக் காப்பாளர் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். எந்த வண்டி எப்போது கிளம்பும் என்று மைக்கில் சொல்வது வேலை. என் பழைய வண்டி கிளம்பும்போது மட்டும் குரல் பிசகுகிறது. கண்டக்டர் ஜன்னலில் தட்டிவிட்டுப் போவார். போன பார்வை வராது, இருப்பது நிற்கும் என்கிறார் டாக்டர். நீ ஃபைலுக்குச் சொன்ன அதே வார்த்தை.

நேற்று கம்ப்யூட்டர் மேலிருந்த துணியை எடுத்தேன். உன் தட்டு அளவுப் படத்தைப் பார்த்து முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கொஞ்சம் அழுதேன். இடது பக்கத்திலிருந்து மூன்று கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். மூன்று பேரையும் வரும்போதே பார்த்தேன். மேனேஜர் ஒற்றைக் காதை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான். ஏழாவது வாசல் வரை கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியிருக்கிறேன். திறக்கவில்லை. டிசம்பரில் முதலில் உன் கண், அப்புறம் வாசல்.

சேமித்தேன். விளக்கு மொட்டையின் தலைக்கு மேல் எரிந்தது. அது அணையும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கு அப்புறம்தான் பென் டிரைவை எடுத்தேன். இத்துடன் வைத்திருக்கிறேன், திறந்து பார்.

உன் அண்ணன்